பெயின்ட்டுக்குக் கீழே பட்டி: ஒரு ரிவால்வர் பிரேமின் நிகழ்வு ஆய்வு

இந்த ரிவால்வர் என்னிடம் வந்தது மேற்பூச்சு வேலைக்காக மட்டும்தான். வேறு எந்தப் புகாரும் இல்லை. குண்டு நிரப்பும் சிலிண்டர் சீராகச் சுற்றியது, டிரிகர் ஒரே மாதிரி இழுத்தது, சிலிண்டரின் அறைகள் குழலான பேரலோடு சரியாக நேர்கோட்டில் நின்றன. வெளியே அடித்திருந்த கறுப்பு பெயின்ட் மட்டும் ஓரங்களில் செதில் செதிலாக உரிந்திருந்தது. உரிமையாளர் வயதில் மூத்தவர், ஆயுதத்தை எண்ணெய் துடைத்து ஒழுங்காக வைத்திருப்பவர். "தம்பி, இந்தப் பெயின்ட்டைக் கழட்டிட்டு, பழைய ரிவால்வர் மாதிரி நீலக் கறுப்பா, கண்ணாடி மாதிரி பண்ணிக் குடுங்க" என்றார். உரிமத்தையும் வரிசை எண்ணையும் பதிவேட்டில் எழுதிக்கொண்டு வாங்கி வைத்தேன்.

அந்த ரிவால்வர் அவரிடம் திரும்பிப் போகவில்லை. நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். இந்த வேலை செய்கிற யார் கைக்கும் நாளைக்கே இப்படி ஒன்று வரலாம்.

வந்த பொருள்

.357 மேக்னம் வகைத் தோட்டா போடும், ஆறு குண்டு கொள்ளும் ரிவால்வர். மற்ற பாகங்களைத் தாங்கும் சட்டமான பிரேம் மெழுகு அச்சு வார்ப்பில் செய்தது, அதாவது மெழுகு மாதிரியைச் சுற்றி அச்சு கட்டி, மெழுகை உருக்கி எடுத்துவிட்டு உலோகம் ஊற்றியது. சிலிண்டரும் பேரலும் உருக்குக் கம்பியிலிருந்து கடைந்தவை. ஹேமர் உலோகப் பொடியை அச்சுக்குள் அழுத்தி, சூளையில் கெட்டிப்படுத்திய வகை. தயாரித்த நிறுவனம் இப்போது இல்லை, அதன் பெயரும் இங்கே வேண்டாம்.

மெழுகு வார்ப்பு மட்டமான முறை என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. நல்ல வார்ப்புப் பட்டறையில் வந்த பிரேம் ஆயிரக்கணக்கான குண்டுகளைத் தாங்கும். முறையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வார்த்த பிறகு எந்தத் துண்டை எடுத்துக்கொள்கிறார்கள், எதைத் தள்ளுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அவர் கேட்ட நீலக் கறுப்பு நிறத்தைத் தரும் புளூயிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. அது பூச்சே இல்லை. உருக்கின் மேல்தோல்தான் கறுப்பு இரும்பு ஆக்சைடாக மாறுகிறது. அதன் தடிமன் ஒன்றிரண்டு மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் இருக்கும் என்றால் இது எவ்வளவு மெல்லியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடியில் ஒரு கீறல் இருந்தால் கீறலாகவே தெரியும். சூளையில் வேகவைக்கிற பெயின்ட் வகைகள் அதைவிடப் பல மடங்கு தடிமனாக நிற்கும், அடியில் பட்டி பார்த்திருந்தால் அதையும் சேர்த்து மூடிவிடும். பெயின்ட்டிலிருந்து புளூயிங்குக்கு மாற்றச் சொன்னவர், தனக்கே தெரியாமல், அடியில் இருக்கிற இரும்பை வெளியே கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

முதல் திட்டு

துப்பாக்கியை முழுக்கப் பிரித்து, பெயின்ட் ரிமூவர் தடவி, பிரஷ் போட்டுத் தேய்த்தேன். பிரேம் முழுக்க ஒரே வெள்ளி நிறத்தில் வந்தது, ஒரு இடம் தவிர. இடப்பக்கத்தில், டிரிகரைச் சுற்றியிருக்கும் வளையமான டிரிகர் கார்டு பிரேமோடு சேரும் மூலைக்குச் சற்று மேலே, சுண்டு விரல் நகத்தில் பாதி அளவுக்கு மங்கலான சாம்பல் திட்டு. வெளிச்சத்தில் சாய்த்தால் சுற்றியிருந்த இரும்பு மின்னியது, அது மட்டும் மின்னவில்லை.

உலோகத்தில் கோடு கீறும் ஊசியான ஸ்கிரைபரின் முனையை இரும்பில் வைத்து இழுத்தேன். வழுக்கிக்கொண்டு போனது. திட்டின் மேல் வைத்து இழுத்தபோது கோடு விழுந்தது, கோட்டின் ஓரத்தில் சாம்பல் தூள் நின்றது. விரலில் எடுத்துத் தேய்த்தால் மாவு மாதிரி இருந்தது. பட்டி. சுவரில் ஓட்டையை அடைத்துப் பெயின்ட் அடிக்கிற மாதிரி, உலோகத்தூள் கலந்த பசையை அடைத்து, மட்டமாகத் தேய்த்து, மேலே கறுப்பு அடித்திருக்கிறார்கள்.

சூடான காற்றை மெதுவாகக் காட்டி, பித்தளை ஊசியால் துண்டு துண்டாக எடுத்தேன். அடியில் ஒரு குழி. ஆழம் 1.4 மி.மீ. அந்த இடத்தில் சுவரே 4.5 மி.மீ. தான். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் வழியாகப் பார்த்தால் குழியின் சுவர் வழவழப்பாக இல்லை. சின்னச் சின்ன மரக்கிளைகள் ஒன்றின்மேல் ஒன்று நீட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

இந்தக் கிளைகள் முக்கியமான தடயம். வார்ப்பில் வாயு மாட்டிக்கொண்டு வருகிற ஓட்டை, அதாவது பட்டறைகளில் புளோ ஹோல் என்று சொல்வது, பொதுவாக உருண்டையாக, உள்ளே வழவழப்பாக இருக்கும். இது வேறு. உருக்கிய இரும்பு இறுகும்போது சுருங்கும். தடித்த பகுதி கடைசியாக இறுகும். அப்போது மேலிருந்து ஊட்டுவதற்குத் திரவ உலோகம் இல்லையென்றால், இறுகிய கிளைகளுக்கு நடுவே வெற்றிடம் விட்டுப்போகும். டிரிகர் கார்டும் பிரேமும் சேரும் மூலை அப்படிப்பட்ட தடித்த முடிச்சு. தற்செயலாக நடந்தது என்று தள்ள முடியாது. உலோகம் ஊட்டும் வாய்க்காலை அச்சில் சரியான இடத்தில் வைக்காவிட்டால், அதே அச்சில் வருகிற அடுத்த பிரேமிலும் அதே மூலையில் அதே வெற்றிடம் வரும்.

அன்று மாலையே உரிமையாளரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "பட்டி எல்லாத்துலயும்தான் போடுவாங்க, அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லையே?" என்று கேட்டார். அந்தக் குழி மட்டும் என்றால் நானும் ஓரளவு அப்படித்தான் சொல்லியிருப்பேன். அது அதிக இழுவிசை வருகிற இடம் இல்லை. ஆனால் ஒரு இடத்தில் தெரிந்தே மூடியிருக்கிறார்கள் என்றால், மற்ற இடங்களை எவ்வளவு கவனமாகப் பார்த்திருப்பார்கள் என்ற சந்தேகம் வரும். "முழுசா பார்த்துட்டுச் சொல்றேன் சார், அதுவரைக்கும் பொறுங்க" என்றேன்.

நான் செய்த தவறு

குழியைப் பார்த்த உடனே ஆசிட் கழுவலும், விரிசலுக்குள் சாயத்தை ஊறவைத்துக் கண்டுபிடிக்கும் சாயச் சோதனையும் செய்திருக்க வேண்டும். பழக்கத்தில் பாலிஷ் வேலையைத் தொடங்கிவிட்டேன். 220-ம் நம்பர் எமரி தாள், பிறகு அதைவிட நைசான 320, 400, அதற்கப்புறம் பஃப் வீல். பிரேம் நிலைக்கண்ணாடி மாதிரி வந்தது. குழியைத் தவிர வேறெங்கும் ஒரு புள்ளி இல்லை. நிம்மதியாகக்கூட இருந்தது.

அந்த நிம்மதிக்குக் காரணம் பஃப் வீல். சுற்றுகிற துணியும் பாலிஷ் கட்டியும் இரும்பைத் தேய்த்து எடுப்பது மட்டுமில்லை, மேல்தோலை இழுத்துப் பூசவும் செய்யும். மெல்லிய ஓட்டையின் வாயை அந்தத் தோல் மூடிவிடும். கண்ணுக்கு முழு இரும்பாகத் தெரியும், விரலுக்கும் அப்படித்தான் தெரியும். சாயச் சோதனைகூட ஏமாறும், வாய் மூடியிருந்தால் சாயம் உள்ளே போகாது. அதனால்தான் விமான பாகங்களைச் சோதிக்கிறவர்கள், தேய்த்த பாகமாக இருந்தால் முதலில் ஆசிட்டால் மேல்தோலை லேசாக அரித்துவிட்டுத்தான் சாயம் போடுகிறார்கள்.

நீர்த்த ஆசிட்டில் பிரேமைச் சிறிது நேரம் வைத்து எடுத்து, கழுவி, உலர்த்தினேன். அரை மணி நேரத்துக்கு முன் கண்ணாடியாக இருந்த முகத்தில், பேரல் உட்காரும் இடத்துக்குக் கீழே, கடுகில் பத்தில் ஒரு பங்கு இருக்கும் கறுப்புப் புள்ளிகள் வரிசையாகத் திறந்து நின்றன. பதினொன்று எண்ணினேன். ஏழு புள்ளிகள் ஒரே கோட்டில் இருந்தன.

ஆசிட் பக்கம் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்பிரிங்குகளையும் நன்றாகக் கடினப்படுத்திய சின்ன பாகங்களையும் அதில் போடவே கூடாது. ஆசிட்டில் உண்டாகும் ஹைட்ரஜன் இரும்புக்குள் நுழைந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகும். இன்று நன்றாக இருக்கும் ஸ்பிரிங் நாளை பெட்டிக்குள்ளேயே ஒடியும்.

சிவப்புக் கோடு

பேரலைக் கழற்றாமல் அடுத்த கட்டம் போக முடியாது. பிரேமின் வடிவத்துக்கு ஏற்ற கட்டைகளுக்குள் வைத்துப் பிடித்துத்தான் திருகைத் தளர்த்த வேண்டும். சும்மா வைஸில் வைத்துத் திருகினால் பிரேமே முறுக்கிக்கொள்ளும். பேரல் வந்த பிறகு, அது முறுக்கி உட்காரும் திருகு வளையத்தைச் சுத்தம் செய்து, எண்ணெய் பிசுக்கு இல்லாமல் உலர்த்தி, சிவப்புச் சாயத்தைத் தடவி இருபது நிமிடம் விட்டேன். மேற்பரப்பில் இருந்ததைத் துடைத்துவிட்டு உள்ளே போன சாயத்தை உறிஞ்சி வெளியே காட்டும் வெள்ளைப் பொடியான டெவலப்பரைத் தூவினேன்.

புள்ளிகள் முதலில் வந்தன, சிவப்பு மச்சங்கள் மாதிரி. இரண்டு நிமிடம் கழித்து, வளையத்தின் அடிப்பக்கத்தில், கடிகாரத்தில் ஆறு மணி இருக்கும் இடத்தில், ஒரு மெல்லிய சிவப்புக் கோடு வெள்ளையில் ஊறியது. முன்முகத்திலிருந்து தொடங்கித் திருகுக்குள் 6 மி.மீ. போனது. துடைத்தேன். திரும்பவும் டெவலப்பர் போட்டேன். திரும்பவும் வந்தது, அகலமாக. மேலோட்டமான கீறல் ஒரு தடவை சாயத்தைத் துப்பிவிட்டு நின்றுவிடும். திரும்பத் திரும்ப ஊறினால் உள்ளே தேங்க இடம் இருக்கிறது என்று அர்த்தம்.

ரிவால்வர் பிரேமில் அந்த இடம் ரொம்ப மெல்லியது. சிலிண்டரைத் தாங்கும் கை வெளியே வருவதற்கு இடம் விட்டாக வேண்டும், அதனால் பேரல் திருகுக்கு அடியில் கொஞ்சம் உலோகம்தான் மிஞ்சும். பேரலை இறுக்கித் திருகியிருப்பதால் சுடாமல் பெட்டியில் இருக்கும்போதும் அந்த வளையம் விரிசலைத் திறக்கும் பக்கமாகவே இழுபட்டுக்கொண்டிருக்கும். எடை குறைந்த அலுமினிய பிரேம்களில் இந்த இடத்தில் விரிசல் விடுவது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். உருக்கில் அதைப் பார்த்தது எனக்கு இதுதான் முதல் தடவை.

உறுதி செய்துகொள்ளக் காந்தத் துகள் சோதனை செய்கிற நண்பரிடம் கொண்டுபோனேன். பிரேமில் காந்தப்புலத்தை ஏற்படுத்தி, ஒளிரும் துகள் கலந்த திரவத்தை ஊற்றி, புற ஊதா விளக்கில் பார்ப்பார்கள். பிளவு இருக்கும் இடத்தில் காந்தப்புலம் வெளியே கசியும், துகள்கள் அங்கே கூடும். பச்சைக் கோடு சிவப்புக் கோட்டைவிட 2 மி.மீ. நீளமாக இருந்தது. மேற்பரப்புக்கு வராத வால் உள்ளே போயிருந்தது.

பயமுறுத்தியதும் பயப்பட வேண்டியதும்

இதற்கு நடுவே சிலிண்டர் எங்களை நன்றாகப் பயமுறுத்தியது. ஓர் அறைக்கு மேலே, சிலிண்டரை நிறுத்தும் பள்ளத்துக்குப் பக்கத்தில், நீளவாக்கில் 4 மி.மீ. கோடு. ஆறு குண்டு சிலிண்டரில் அந்தப் பள்ளங்கள் பெரும்பாலும் அறைகளின் மேலேயே வருவதால் சுவர் அங்கேதான் மிக மெல்லியது. அதோடு, நீளவாக்குக் கோடு என்றால் வெடிப்பின் அழுத்தம் அதை நேராகப் பிளக்கும் திசையில் இழுக்கும். கந்தகம் சேர்த்த, எளிதில் கடையக்கூடிய உருக்கில் மாங்கனீசு சல்ஃபைடு இழைகள் கம்பியின் நீளவாக்கில் ஓடும். அதுவோ என்று நினைத்தேன். ஆனால் சாயம் ஊறவில்லை, துகளும் கூடவில்லை. நுண்ணிய கல்லால் நூறில் மூன்று மி.மீ. எடுத்ததும் கோடு மறைந்தது. கடைசலின்போது விழுந்த கருவித் தடம். பார்க்கப் பெரியதாக, கறுப்பாக இருந்தது ஒன்றுமில்லாமல் போனது. பாலிஷில் கண்ணுக்கே தெரியாதது பிரேமைக் கொன்றது.

ஹேமரில் அச்சின் தடம் ஒன்று இருந்ததோடு சரி. நல்ல பாகம்.

ஒரு குறை ஆபத்தா இல்லையா என்பதை நான் மூன்று கேள்விகளால் பார்க்கிறேன்: எங்கே இருக்கிறது, என்ன வடிவம், எந்தத் திசை. அளவு அதற்கப்புறம்தான். 1913-ல் பிரிட்டிஷ் பொறியாளர் சார்ல்ஸ் இங்லிஸ் கணக்குப் போட்டுக் காட்டினார்: இழுபடுகிற தகட்டில் வட்ட ஓட்டை இருந்தால் அதன் ஓரத்தில் தகைவு, அதாவது ஒரு சதுர அளவில் விழும் விசை, மூன்று மடங்கு ஆகும். ஓட்டை நீள்வட்டமாகி, இழுவிசைக்குக் குறுக்கே மெலிந்துகொண்டே போனால் அந்த மடங்கு ஏறிக்கொண்டே போகும். ஊசிமுனை மாதிரியான விரிசல் முனையில் அது எங்கோ போய் நிற்கும். பட்டி அடைத்த குழி பெரியது, ஆனால் மழுங்கலானது, வேலை குறைந்த இடத்தில் இருந்தது. சிவப்புக் கோடு சின்னது, கூரானது, வேலை நடக்கிற இடத்தில் இருந்தது. அமெரிக்கத் தரப்படி .357 மேக்னத்தின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு, கார் டயரைப் போல ஆயிரம் மடங்கு. அதை நேராகத் தாங்குவது சிலிண்டர்தான் என்றாலும், தோட்டா உறை பின்னால் உதைக்கும் விசை ஒவ்வொரு தடவையும் பிரேமை முன்னும் பின்னுமாக இழுக்கிறது.

உரிமையாளர் நியாயமான ஒரு கேள்வி கேட்டார். "சோதனை முத்திரை அடிச்சிருக்கே, அப்ப எப்படி பாஸ் ஆச்சு?" முத்திரை இருந்தது உண்மைதான். ஐரோப்பிய முறையில் கைத்துப்பாக்கிகளை அனுமதித்த உச்ச அழுத்தத்தைவிட 30 சதவீதம் கூடுதலான தோட்டாவால் சுட்டுப் பார்த்துத்தான் முத்திரை குத்துகிறார்கள். அன்றைக்கு உடையவில்லை என்று அது சொல்கிறது. ஒவ்வொரு குண்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிற விரிசலைப் பற்றி அதனால் எதுவும் சொல்ல முடியாது.

அமெரிக்க ராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு 1903 ரைஃபிளின் கதை இங்கே ஞாபகம் வருகிறது. அதைச் செய்த ஸ்பிரிங்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலையில், ரைஃபிளின் மைய உடலான ரிசீவரைச் சூடாக்கும் வெப்பநிலையைத் தொழிலாளர்கள் இரும்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே கணித்தார்கள். வெயில் நாளில் ஒரு மாதிரியும் மேகமூட்டத்தில் ஒரு மாதிரியும் நிறம் தெரிந்தது. அளவுக்கு மேல் சூடான ரிசீவர்கள் நொறுங்கும் தன்மையோடு வெளியே போயின. 1917-ல் விபத்துகள் நடந்த பிறகுதான் விசாரித்தார்கள். வரிசை எண் 8,00,000-க்குக் கீழே இருக்கும் ஸ்பிரிங்ஃபீல்டு ரிசீவர்களை இன்றும் சுடக் கூடாது என்பார்கள். நல்லதும் கெட்டதும் ஒரே பளபளப்போடு அடுத்தடுத்து அடுக்கப்பட்டிருந்திருக்கும்.

வெட்டிப் பார்த்தது

"டிக் வெல்டிங் வெச்சு அடைச்சிரலாமே?" என்றும் கேட்டார். பக்கவாட்டுக் குழியை அப்படி அடைத்திருப்பேன். பேரல் உட்காரும் இடத்தில் மாட்டேன். கடினப்படுத்திய உருக்கில் வெல்டிங் வைத்தால் சுற்றியிருக்கும் இடத்தின் பதம், அதாவது சூடாக்கிக் கொடுத்த கடினத்தன்மை, கெடும். ஓர் ஓரம் மென்மையாகும், இன்னொரு ஓரம் கண்ணாடி மாதிரி இறுகும். முழு பிரேமையும் மறுபடி பதம் போட்டால் கோணிக்கொள்ளும். விரிசலின் அடியை முழுதும் எடுத்தோமா என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது.

எனக்கு இன்னொரு சந்தேகம் தீர வேண்டியிருந்தது. இது பிறவிக் குறையா, இல்லை யாராவது அளவுக்கு மீறிய தோட்டா போட்டுச் சுட்டதால் வந்ததா? உரிமையாளர் மனதிலும் அதுதான் ஓடியது. தன்மேல் தப்போ என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். அவருடைய சம்மதத்தோடும் உரிம அதிகாரியின் எழுத்து அனுமதியோடும் பிரேமை அழித்துப் பதிவு செய்தோம். திருகு வளையத்தைக் குறுக்கே வெட்டி, பிசினில் பதித்து, மெருகேற்றி, சாராயத்தில் நைட்ரிக் ஆசிட் கலந்த கரைசலால் அரித்து, நுண்ணோக்கியில் நூறு மடங்கில் பார்த்தோம்.

விரிசலின் இரு கரைகளிலும் சாம்பல் நிற ஆக்சைடு படிந்திருந்தது. அதை ஒட்டி இரண்டு பக்கமும் வெள்ளைப் பட்டை. கார்பன் வெளியேறிய இரும்பு அப்படித்தான் வெளுக்கும். சாதாரணச் சூட்டில் கார்பன் போகாது. பிரேமைப் பதம் போடச் சுமார் 850 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கியபோது விரிசல் ஏற்கெனவே திறந்திருந்தது, சூளைக் காற்று அதற்குள் போயிருக்கிறது. வார்ப்பு இறுகும்போதே கிழிந்த கிழிசல். சுட்டதால் தொடங்கியது இல்லை.

ஆனால் வாலின் கடைசி அரை மி.மீ.யில் வெள்ளைப் பட்டை இல்லை, ஆக்சைடும் இல்லை. சுத்தமான, கூரான கோடு. அந்தப் பகுதி பிறகு வளர்ந்தது, அவர் சுடச் சுட வளர்ந்தது. நுண்ணோக்கியில் அவரைப் பார்க்கச் சொன்னேன். ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை.

அப்படியே புளூயிங் போட்டிருந்தால்

காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்து 140 டிகிரி அளவில் கொதிக்கும் தொட்டியில் இறக்கியிருப்பேன். அழகாகக் கறுத்து வந்திருக்கும். உப்பு நீர் அந்த ஓட்டைகளுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். எவ்வளவு வெந்நீரில் அலசினாலும் முழுக்க வராது. இதை வேறொரு துப்பாக்கியில் பல வருடம் முன்பு பார்த்திருக்கிறேன்: எண்ணெய் துடைத்து வைத்த ஒரு வாரத்தில் நீலக் கறுப்பின் மேல் வெள்ளை முடி மாதிரி உப்பு முளைத்து நின்றது, அதைச் சுற்றிச் செம்பழுப்பு வளையம். அப்போது என் அலசல் சரியில்லை என்று நினைத்துத் திரும்பவும் கொதிக்கவைத்து, எண்ணெய் தேய்த்துக் கொடுத்துவிட்டேன். அந்தத் துப்பாக்கி இப்போது எங்கே இருக்கிறதோ, அதை நினைத்தால் இன்றும் மனது உறுத்துகிறது.

இப்போது என் பட்டறையில் பூச்சைக் கழற்றியதும் எமரி தாளைத் தொடுவதில்லை. மேல்தோலை லேசாக அரித்து, லென்ஸில் பார்த்து, சாயம் போட்டு, படம் எடுத்து உரிமையாளருக்குக் காட்டிய பிறகுதான் பாலிஷ். ஒரு நாள் கூடுதலாகப் போகும். பரவாயில்லை.

இரண்டு வாரம் கழித்து அவர் மறுபடி வந்தார். அதே தயாரிப்பில் அவருடைய தம்பியிடம் இன்னொன்று இருந்ததாம், இருவருமாகக் கொண்டுவந்தார்கள். உரிமத்தைச் சரிபார்த்து எழுதிக்கொண்டு, இடப்பக்க மூலையில் மட்டும் பெயின்ட்டை எடுத்துவிட்டு ஸ்கிரைபரை வைத்து இழுத்தேன். கோடு விழுந்தது, ஓரத்தில் சாம்பல் தூள் நின்றது. மூன்று பேரும் எதுவும் பேசவில்லை. பேரலைக் கழற்றி, அது உட்காரும் இடத்தை அரித்துக் கழுவி, சாயம் போட்டு, துடைத்து, டெவலப்பர் தூவி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.